பழைய மரைன் தொட்டியை நல்ல தண்ணீர்த் தொட்டியாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய மரைன் (கடல்மீன்) தொட்டிகள் அடிக்கடி கைமாறுகின்றன. வேலை மாற்றல், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு ஆகும் கரண்ட் பில், உப்பு கலக்க நேரமில்லாமை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தடிமனான கண்ணாடி, அடியில் ஃபில்டர் பொருட்கள் போடும் சிறு தொட்டியான சம்ப், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உப்புத் தண்ணீர் ஓடிய தொட்டியில் நல்ல தண்ணீர் மீன் பிழைக்குமா?

தாராளமாகப் பிழைக்கும். எல்லோரும் பயப்படுவது உப்புக்குத்தான். ஆனால் இந்த வேலையிலேயே சுலபமாகப் போவது அதுதான். தண்ணீரில் கரையும், கழுவினால் ஓடிவிடும். நன்றாகக் கழுவிய பிறகும் ஏதோ ஓர் இடுக்கில் 5 கிராம் உப்பு ஒட்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 250 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராம். நம் ஊர் போர் தண்ணீரில் இதைவிடப் பல மடங்கு கரைந்திருக்கும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. கல்லிலும் மணலிலும் இருக்கும் சுண்ணாம்பு, எப்போதோ போட்ட தாமிர மருந்து, உப்பு அரித்த வயரும் ஸ்டாண்டும், நன்னீர் பட்டதும் செத்துப்போகும் ஃபில்டர் பாக்டீரியா. இந்த நான்கையும் கவனித்துவிட்டால் தொட்டி உங்களுடையது.

வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: "இந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து போட்டீர்களா?" கடல்மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்து போடுவது வழக்கம். அவருக்கு நினைவில்லை என்றால், தொட்டியில் சமீபம் வரை என்னவெல்லாம் உயிரோடு இருந்தன என்று கேளுங்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் நன்றாக இருந்தன என்றால் தாமிர பயம் பெரும்பாலும் இல்லை; அவை தாமிரத்தைத் தாங்காது. வெறும் மீன் மட்டும் இருந்த தொட்டி என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடே வாங்குங்கள்.

இரண்டாவது, எவ்வளவு நாளாகத் தொட்டி காலியாகக் கிடக்கிறது, எங்கே கிடக்கிறது என்பது. மொட்டை மாடியில் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையை நான் அப்படியே நம்பமாட்டேன்.

முடிந்தால் தண்ணீரும் மீனும் இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். கசிவு இருந்தால் ஸ்டாண்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மரைன் தொட்டியில் கசிவை மறைப்பது கடினம், உப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

தொட்டியில் இருக்கும் பழைய உப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டர் என்றால் 7 கிலோ உப்பு. அதைத் தோட்டத்தில் ஊற்றினால் செடி கருகும், கிணற்றடியில் ஊற்றினால் கிணறு கெடும். கழிவுநீர்க் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக, கூடவே நல்ல தண்ணீரையும் விட்டு வெளியேற்றுங்கள். தென்னைக்கு உப்பு போடும் வழக்கம் நம்மிடம் உண்டுதான், ஆனாலும் மருந்து போட்ட தண்ணீரைத் தென்னைக்கும் ஊற்றாதீர்கள். ஏரி, குளம், வாய்க்கால் பக்கம் கொண்டே போகக் கூடாது.

லைவ் ராக்கையும் பவள மணலையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மரைன் தொட்டியில் அடுக்கும் துளையுள்ள கல்தான் லைவ் ராக். ஆனால் அது வெறும் கல் மட்டும் கிடையாது. அதன் துளைகளுக்குள் புழு, பஞ்சுயிரி, சின்னச் சின்ன நண்டு என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். நன்னீர் பட்டதும் அத்தனையும் சாகும், சில நாளில் அழுகும், தொட்டி முழுக்க அம்மோனியா ஏறும். மணலிலும் இதே கதைதான். மணலை ஆழமாகப் போட்டிருந்தால் அடியில் கறுப்புப் படலம் இருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆகவே மணலை வீட்டுக்குள் அள்ளாதீர்கள், தொட்டியை வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து அள்ளுங்கள்.

கையுறை கட்டாயம். கல்லுக்குள் இருக்கும் சில புழுக்களின் உடம்பு முழுக்க மெல்லிய முள் இருக்கும், குத்தினால் நாள்கணக்கில் எரியும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி உண்டு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: லைவ் ராக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்து வேகவைக்காதீர்கள். கல்லில் ஒட்டி வளரும் பட்டன் பாலிப் போன்ற சில உயிர்களில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கொதிக்கும்போது ஆவியோடு கிளம்பி, வீட்டில் உள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியது. கல்லை யாராவது மரைன் வளர்ப்பவருக்கு, ஈரம் காயும் முன் கொடுத்துவிடுவதுதான் நல்லது. அவர்களுக்கு அது பொக்கிஷம்.

தொட்டியோடு பவளத் துண்டுகளும் வந்தன. அலங்காரத்துக்குப் போடலாமா?

கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் காய்ந்த துண்டு என்றாலும் வாங்குவதும் விற்பதும் சட்டச் சிக்கல்தான். பவளத்தை எடுத்துக்கொள்ளாமல் தொட்டியை மட்டும் வாங்குங்கள். நன்னீருக்கும் அது சரிப்படாது, கரைந்து கரைந்து சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

கண்ணாடியில் ஊதா நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. என்ன செய்வது?

அது பவளப் பாசி. தன் மேல் சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொள்ளும் பாசி என்பதால் ஸ்பாஞ்சுக்கெல்லாம் அசையாது. சுண்ணாம்புக்கு எதிரி அமிலம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும், அல்லது எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம்.

தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுத்தம் செய்ய வேண்டிய கண்ணாடி கீழே வரும்படி வையுங்கள். பழைய பருத்தித் துணியை வினிகரில் நனைத்து ஊதா படிந்த இடத்தில் விரியுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டால் துணி காயாது. துணியின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வரும்; சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு கிளம்புகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுத்தால், ஊதா வெளுத்து மாவு மாதிரி ஆகியிருக்கும். அப்போது பிளேடை ஈரக் கண்ணாடியில் படுக்கை வாக்கில் சரித்துத் தள்ளினால் சுருள் சுருளாக உரிந்து வரும். காய்ந்த கண்ணாடியில் பிளேடு போடாதீர்கள், கீறல் விழும். சிலிக்கான் ஓரத்துக்கு ஒரு விரற்கடை முன்பே பிளேடை நிறுத்திவிட்டு, மீதியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடே கூடாது.

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம்.

பிளீச் போட வேண்டுமா?

சாதாரணமாகத் தேவையில்லை. கடல்மீனின் வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி நன்னீரில் வாழாது. கழுவி வெயிலில் இரண்டு மூன்று நாள் முழுதாகக் காயவிட்டாலே பெரும்பாலான கிருமிகள் தீர்ந்தன. மீன்கள் காரணம் தெரியாமல் வரிசையாகச் செத்த தொட்டி என்றால் மட்டும், திரவ பிளீச்சை நிறைய தண்ணீரில் கலந்து கழுவி, பலமுறை அலசி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசுங்கள்.

வினிகரும் பிளீச்சும் ஒரே நேரத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர் வேலை முடிந்து, கழுவிக் காய்ந்த பிறகு வேறொரு நாள் பிளீச் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிர மருந்து போட்ட தொட்டி என்று தெரிந்துவிட்டது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். கண்ணாடி தாமிரத்தை வைத்துக்கொள்ளாது. பிடித்துவைத்துக்கொள்பவை சுண்ணாம்புக் கல்லும் மணலும் பழைய ஃபில்டர் பொருட்களும்தான். அவற்றை நீக்கிவிடுங்கள், குழாய்களை மாற்றுங்கள். மீன்களுக்கு மிச்சமிருக்கும் தாமிரத்தால் பெரிய தொந்தரவு இராது.

செர்ரி இறால், நத்தை வளர்க்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. தண்ணீர் எவ்வளவு மென்மையாக (அதாவது தாது குறைவாக) இருக்கிறதோ அவ்வளவு கடுமையாகத் தாமிரம் தாக்கும். தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஓடவிட்டு, தாமிரம் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட தொட்டியில் மீன் மட்டும் வளர்த்துவிட்டு, இறாலுக்குச் சின்னதாகப் புதுத் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்வதே நிம்மதி.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சமதளமான தரையில் தெர்மாகோல் விரித்து அதன் மேல் தொட்டியை வையுங்கள். கால் பாகம் நிரப்பிச் சில மணி நேரம், பாதி நிரப்பிச் சில மணி நேரம், பிறகு முழுதாக நிரப்பி இரண்டு நாள். தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்துவைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

ஓரச் சிலிக்கான் உரிந்திருந்தாலோ, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் பாசி புகுந்திருந்தாலோ மறுபடி பூச வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. பழையதைச் சுரண்டி முழுக்க எடுத்த பிறகே பூசுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானாக இருக்கட்டும். நாலடிக்கு மேற்பட்ட தொட்டி என்றால், தொட்டி செய்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கூட வந்த சாமான்களில் எதெது நன்னீருக்கு உதவும்?

சம்ப் மிக நன்றாக உதவும். ஸ்பாஞ்சு, பஞ்சு, செராமிக் வளையம் போட்டால் கடைகளில் விற்கும் எந்த ஃபில்டருக்கும் குறையாது. தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் வழியும் இடத்தில் மட்டும் சல்லடையோ முரட்டு ஸ்பாஞ்சோ வையுங்கள், இல்லையென்றால் கப்பிக் குஞ்சுகள் எல்லாம் கீழே போய்விடும். கரண்ட் நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொள்ள சம்பில் இடம் இருக்கிறதா என்று மோட்டாரை நிறுத்திப் பாருங்கள்.

புரோட்டீன் ஸ்கிம்மர் உதவாது. உப்புத் தண்ணீரில்தான் பொடிக் குமிழி உண்டாகி அழுக்கைப் பிடிக்கும். நன்னீரில் குமிழி பெரிதாகி உடைந்துவிடும். நல்ல நிலையில் இருந்தால் விற்றுவிடுங்கள். அலை போல் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு அதிகம், ஏஞ்சலும் பைட்டரும் அந்த ஓட்டத்தில் களைத்துப்போகும். ஹீட்டர், யூவி விளக்கு, ஆர்ஓ கருவி எல்லாம் ஓடும். பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கால்சியம் ரியாக்டர் வேண்டாம். ஆனால் அதோடு வரும் கரியமில வாயு சிலிண்டரும் ரெகுலேட்டரும் செடித் தொட்டிக்கு அப்படியே பயன்படும். பலர் இதைத் தெரியாமல் பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள்.

மோட்டார்களை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே சுற்றும் இம்பெல்லரைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் மறுபடி சத்தமில்லாமல் ஓடும்.

பிளக், வயர் எல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வருடக்கணக்கில் தெறித்த உப்பு, பிளக் முனையிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு உள்ளேயும் படிந்திருக்கும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். பித்தளை முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புதிதாக வாங்குங்கள். உறை வெடித்த வயருள்ள மோட்டாரையும் ஹீட்டரையும் ஓட்டாதீர்கள். தொட்டிக்குப் போகும் லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக் பாயின்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பாயின்டுக்குள் போகாது.

ஸ்டாண்டு துருப்பிடித்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?

மேல் துரு என்றால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடிக்கலாம். வெல்டிங் மூட்டைச் சுத்தியலால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் புது ஸ்டாண்டுதான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். புதுச்சேரியின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மர உத்தரத்தின் மேல் நிற்கும் மாடியில் இந்த எடையை ஏற்றாதீர்கள். தரைத்தளமே நல்லது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். அதையே விடலாமா?

முதலில், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். கடலோரத் தெருக்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும், கொஞ்சம் உள்ளே போனால் நன்றாக இருக்கும். பக்கத்துத் தெருவின் அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. 300-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் எந்த மீனுக்கும் சரி. 500, 600 வரை பழகிய கடை மீன்கள் சமாளிக்கும். 1000-ஐத் தாண்டினால் மாலி, கப்பி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உயர்ந்த அளவைக் குறைக்க ஆர்ஓ தண்ணீர் கலக்கலாம். போர் 1200, ஆர்ஓ 50 என்றால், பாதிக்குப் பாதி கலந்தால் 625 வரும். ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்ஓ என்றால் 340-க்குப் பக்கம். வெறும் ஆர்ஓ தண்ணீரில் மட்டும் வளர்க்காதீர்கள். தாது இல்லாத தண்ணீரில் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) நிலையாக நிற்காது.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை கொட்டுகிறது. முதல் இரண்டு மழையில் மாடி கழுவிப் போகட்டும், அதன் பிறகு பிடித்து வையுங்கள். போர் தண்ணீரோடு கலக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது, காசும் இல்லை. முனிசிபல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் காற்று விட்டு வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

ஃபில்டரில் ஏற்கெனவே பாக்டீரியா இருக்குமே, உடனே மீன் விடலாம்தானே?

விடக் கூடாது. கடல்நீருக்குப் பழகிய பாக்டீரியா திடீரென்று நன்னீர் பட்டால் பிழைக்காது. பழைய ஃபில்டர் பொருள் இப்போது உதவியில்லை, அழுகும் குப்பைதான். அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். 4 முதல் 6 வாரம் ஆகலாம். நண்பரின் பழைய நன்னீர்த் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு வாங்கி உங்கள் சம்பில் போட்டால் இந்தக் காலம் பாதியாகக் குறையலாம்.

நம் ஊர்த் தண்ணீர் காரத்தன்மை கூடியது, வெயிலும் கூடியது. இரண்டும் அம்மோனியாவின் நஞ்சை ஏற்றுபவை. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் நஞ்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஆகவே குளிர்ந்த, மென்மையான தண்ணீரில் வளர்ப்பவர்கள் காட்டும் அவசரத்தை இங்கே காட்டக் கூடாது. மீனின் செவுளைத்தான் அம்மோனியா அரிக்கும்.

கடலூர் வெள்ளிக் கடற்கரை (சில்வர் பீச்) மணலைக் கழுவிப் போடலாமா?

வேண்டாம். அதில் சிப்பித் தூள் இருக்கும். எந்த மணலையும் கல்லையும் போடும் முன் மேலே கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, ஒதுக்கிவிடுங்கள். கடையில் விற்கும் குவார்ட்ஸ் மணல் போதும். சிலர் திருவக்கரையிலிருந்து கல்மரத் துண்டு எடுத்துவந்து வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அது பாதுகாக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த மீன் வளர்க்கலாம்?

தண்ணீர் கடினமாகவே இருந்தால் மாலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன், மலாவி ஏரிச் சிக்லிட் எல்லாம் சந்தோஷமாக இருக்கும். சிக்லிட்டுக்கு மட்டும் சுண்ணாம்புக் கல் இருப்பது நல்லதே. மழைநீரோ ஆர்ஓவோ கலக்கத் தயார் என்றால் டெட்ரா, ஏஞ்சல். டிஸ்கஸை முதல் வருடம் நினைக்க வேண்டாம். தங்கமீனுக்கு நம் சித்திரை வெயில் கஷ்டம். தொட்டியோடு வந்த சில்லர் கருவியை வைத்துக்கொண்டவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

நீல விளக்கு செடிக்கு ஆகுமா?

நீலத்தைக் குறைத்து வெள்ளையைக் கூட்ட வசதி இருந்தால் ஆகும். பவளத்துக்கான விளக்கு மிகவும் வலுவானது. குறைந்த வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். அதிகமானால் பாசிதான் வளரும்.

விற்றவர் இரண்டு குளவுன் மீனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவற்றை மெல்ல மெல்ல நன்னீருக்குப் பழக்கலாமா?

முடியாது. மாலி உப்புக்கும் பழகும், குளவுன் மீன் நன்னீருக்குப் பழகாது. மரைன் தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள். கடலில் கொண்டுபோய் விடுவதும் தவறு; தொட்டியில் பிடித்த நோய் அங்கே போகும்.

புயல் வந்து கரண்ட் போனால் இந்தப் பெரிய தொட்டி தாங்குமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் இதே கரைக்கு வந்தது. சம்ப் தொட்டியில் மோட்டார் நின்றால் மேல் தொட்டிக்குக் காற்றும் இல்லை, ஃபில்டரும் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி, பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்து வையுங்கள். கரண்ட் இல்லாத நாட்களில் தீவனம் போடாதீர்கள். வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினியைத் தாங்கும், கெட்ட தண்ணீரைத் தாங்காது. ஸ்பாஞ்சையும் செராமிக் வளையத்தையும் சம்பிலிருந்து எடுத்து மேல் தொட்டியில், ஏர் பம்பின் குமிழிக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும்.